காதோர நெறிக்கட்டி எலும்புவரை போனபோது

தோல் புற்றுநோய் என்றதும் டாக்டர்கள் பெரும்பாலும் ஆறுதலாகத்தான் பேசுவார்கள். காரணம் இருக்கிறது. செதிள் செல் வகைத் தோல் புற்றை வெட்டி எடுத்துவிட்டால் அநேகம் பேருக்கு அதோடு சரி. நிணநீர்க் கணுவுக்கு, அதாவது நெறி கட்டும் முடிச்சுக்கு, பரவுவது நூறு பேரில் ஏறக்குறைய 2 முதல் 5 பேருக்குத்தான். என் அண்ணன் அந்தச் சிலரில் ஒருவர். காது மடலில் வந்த புண், காதுக்கு முன்னால் இருக்கும் கணுவுக்குப் போனது. அங்கிருந்து முகத்தை அசைக்கும் முக நரம்பைப் பிடித்துக்கொண்டு காதைத் தாங்கும் டெம்போரல் எலும்புக்குள் ஏறியது. தோல் டாக்டர், நரம்பு டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர் என்று மூன்று வாசலுக்கு அலைந்த பிறகுதான் எல்லாம் ஒரே நோய் என்று தெரிந்தது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கூடவே போய்வந்த தங்கை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்று அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அண்ணனைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நிலஅளவை வேலை. உத்தியோகம் முழுக்க வெயிலில்தான். அதோடு பல வருஷத்துக்கு முன்பு மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வகைத் தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வந்தால் பரவும் வேகமும் அதிகம். சிறுநீரக டாக்டர் இதைத் தொடக்கத்திலேயே சொல்லி, வருஷத்துக்கு ஒருமுறை தோல் டாக்டரிடம் உடம்பு முழுக்கக் காட்டச் சொல்லியிருந்தார். மாற்று உறுப்பு பொருத்தியவர்கள், ரத்தப் புற்றுக்காக வைத்தியம் பார்ப்பவர்கள், மூட்டு வாதத்துக்கு எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் எல்லோருமே ஆறாத புண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

முதலில் வந்தது இடது காது மடலின் மேல் விளிம்பில் ஒரு பொருக்கு. உதிரும், லேசாக ரத்தம் கசியும், மறுபடி பொருக்குத் தட்டும். சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்தார்கள், புற்று என்றது. மடலில் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துத் தைத்தார்கள். “விளிம்பு சுத்தம், பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லோரும் அதில் தேடுவது விளிம்பு சுத்தமா என்ற ஒரு வரியைத்தான். விளிம்பு சுத்தம் என்றால் அந்த இடத்தில் மிச்சமில்லை என்று அர்த்தம். ஏற்கனவே ஏதாவது கிளம்பிப் போயிருக்கிறதா என்பதை அந்த வரி சொல்லாது. அதற்கான துப்பு வேறு வரிகளில் இருக்கிறது. புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது ஒன்று; 6 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ஆபத்துக் கணக்கில் சேரும். அகலம் 2 சென்டிமீட்டருக்கு மேலா என்பது இன்னொன்று. செல்கள் சாதாரணத் தோல் செல்லின் சாயலை எந்த அளவுக்கு இழந்திருக்கின்றன என்று ஒரு வரி இருக்கும். சாயல் குறையக் குறைய முரட்டுத்தனம் கூடும். கடைசியாக, நரம்பைச் சுற்றிப் புற்று ஊர்ந்திருக்கிறதா என்ற வரி. அப்படி ஊர்ந்த நரம்பின் தடிமன் 0.1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தனியாகக் குறிப்பார்கள். இவற்றோடு இடமும் சேரும். காதும் உதடும் பரவும் வாய்ப்பு அதிகமுள்ள இடங்கள்.

அண்ணனின் ரிப்போர்ட்டில் ஆழம் 7 மில்லிமீட்டர். நரம்பைச் சுற்றி ஊர்ந்ததும் எழுதியிருந்தது. இடம் காது. எதிர்ப்புச் சக்தியோ மருந்தால் அடக்கப்பட்டது. இவ்வளவும் ஒருவருக்குச் சேர்ந்திருந்தால், காதுக்கு முன்னாலும் கழுத்திலும் இருக்கும் கணுக்களைச் சில மாதத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்க்க வேண்டும். பல இடங்களில் அல்ட்ராசவுண்டும் எடுக்கிறார்கள். பரவல் வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும். ஆகவே தோல் புற்று எடுத்தவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “இது பரவக்கூடிய ரகமா, கணுக்களை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்?” என்பதுதான். “முழுசா எடுத்துட்டீங்களா?” என்ற கேள்விக்கு எப்படியும் பதில் வந்துவிடும்.

ஏன் காதுக்கு முன்னால்? அங்கே பரோட்டிட் என்ற பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. கருவில் உருவாகும்போது அதன் உறை தாமதமாக மூடுவதால், சில நிணநீர்க் கணுக்கள் சுரப்பிக்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. மற்ற உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இந்த விசேஷம் கிடையாது. உச்சந்தலையின் முன்பகுதி, நெற்றி, பொட்டு, கன்னம், காது மடல் ஆகிய இடங்களின் நிணநீர் முதலில் வந்து சேர்வது இந்தக் கணுக்களுக்குத்தான். அந்தச் சுரப்பிக்கு நடுவில்தான் முக நரம்பும் கிளைவிட்டு ஓடுகிறது. இந்த அண்மைதான் எல்லா வில்லங்கத்துக்கும் காரணம்.

கட்டியை முதலில் கவனித்தவர் அண்ணி. காதின் கீழ்ப்பகுதிக்கு முன்னால், தாடை திரும்பும் இடத்தில், பட்டாணி அளவு. வலி இல்லை, கெட்டியாக இருந்தது, விரலால் தள்ளினால் நகரவில்லை. “பல்லுல ஏதாவது இருக்கும், நெறி கட்டியிருக்கு” என்றார் அண்ணன். சளி, பல் சொத்தை, தலையில் புண் என்று எதற்கும் நெறி கட்டும்தான். ஆனால் அப்படிக் கட்டுவது வலிக்கும், வழுவழுவென்று நகரும், ஓரிரு வாரத்தில் வற்றத் தொடங்கும். வலிக்காமல், நகராமல், மெல்ல வளருவதுதான் சந்தேகத்துக்குரியது. தலையிலோ முகத்திலோ எப்போதாவது தோல் புற்று எடுத்தவருக்கு இந்த இடத்தில் கட்டி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை பழைய புற்றின் பரவல் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும்.

கட்டியைக் காட்ட நாள் குறித்திருந்தபோதே முகம் கோண ஆரம்பித்தது. ஒரேயடியாக இல்லை. முதலில் இடது கீழ் இமையில் துடிப்பு. பிறகு சிரித்தால் இடது உதட்டோரம் கொஞ்சம் பின்தங்கியது. அப்புறம் கண் முழுசாக மூடவில்லை. நாங்கள் போய் உட்கார்ந்த இடத்தில் அதை முகவாதம் என்று சொல்லி, ஸ்டீராய்டு மாத்திரையும் முகப் பயிற்சியும் எழுதிக்கொடுத்தார்கள். முகவாதம் ஊரறிந்த நோய், பெரும்பாலும் தானாகச் சரியாகும் நோய். ஆனால் அதற்கு ஒரு நடை உண்டு: திடுமென்று வரும், 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும், பிறகு வாரக் கணக்கில் தேறும். மூன்று, நான்கு மாதமாகியும் அசைவே திரும்பாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். அண்ணனுக்கோ வாரா வாரம் கூடிக்கொண்டே போனது. மெல்லக் கூடும் முகவாதம், முகத்தின் ஒரு கிளையில் தொடங்கி அடுத்த கிளைக்குப் போகும் முகவாதம், துடிப்போடு வருவது, காதோரக் கட்டியோடு வருவது: இவற்றில் எதைப் பார்த்தாலும் காண்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) கொடுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அடுத்தது காது வலி. வெளியே தொட்டால் வலிக்காது. உள்ளே ஆழத்தில், ராத்திரியில் குடைவது போன்ற வலி. காது அடைத்த மாதிரி வேறு. அதற்காகத்தான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் காதுக்குள் பார்ப்பதற்கு முன்பே மடலில் இருந்த தையல் தழும்பைப் பார்த்துவிட்டார்.

“இது என்ன தழும்பு?”

“ஒரு புண்ணு சார். எடுத்தாச்சு. கிளியர்னு சொல்லிட்டாங்க” என்றார் அண்ணன்.

“ரிப்போர்ட் இருக்கா?”

இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு அண்ணனின் தாடைக் கோணத்தில் விரல் வைத்தார். அடுத்த பத்து நிமிஷத்தில் மூன்று புகாரும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அந்த அறையில் புதிதாக எந்தக் கருவியும் இல்லை. பழைய தாள் ஒன்றுதான் இருந்தது. எந்தத் துறை டாக்டரிடம் போனாலும், எந்தப் புகாருக்காகப் போனாலும், முதல் பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகல் கூடவே போக வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். பயாப்ஸி எடுத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகம் வைத்திருக்கும். இன்னொரு ஆஸ்பத்திரியில் மறுபடி படிக்கச் சொல்ல வேண்டுமானால் கேட்டு வாங்கலாம்.

கட்டியில் மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்த்தார்கள். செதிள் செல் புற்று. இந்த ஊசிக்கே வீட்டில் ஒரு சண்டை நடந்தது. “ஊசி பட்டா பரவிடும், கத்தி பட்டா கிளம்பிடும்” என்று சொல்ல ஆட்கள் எப்படியும் இருப்பார்கள். மெல்லிய ஊசி போன தடத்தில் புற்று பரவுவது மிக மிக அரிது. இன்னதென்று தெரியாமல் சுரப்பியைத் திறப்பதுதான் உண்மையில் சிக்கல்.

பிறகு ஸ்கேன்கள். சி.டி. எலும்பைக் காட்டும், டெம்போரல் எலும்புக்கு என்றே மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் முறை இருக்கிறது. எம்.ஆர்.ஐ. நரம்பையும் தசையையும் மூளையுறையையும் காட்டும். ஒன்று மற்றதற்கு மாற்று இல்லை, இரண்டும் வேண்டும். உடம்பில் வேறெங்கும் இருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன். மாற்றுச் சிறுநீரகம் இருப்பதால் எந்தக் காண்ட்ராஸ்ட், எவ்வளவு என்பதைச் சிறுநீரக டாக்டரும் ரேடியாலஜி டாக்டரும் பேசி முடிவு செய்தார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்கள் ஸ்கேன் மேசையில் படுத்த பிறகு இதைச் சொல்லக் கூடாது; நாள் குறிக்கும்போதே சொல்ல வேண்டும்.

டெம்போரல் எலும்பு என்பது பொட்டில் தட்டினால் தட்டுப்படும் தட்டையான எலும்பு மட்டும் இல்லை. காதுக்குப் பின்னால் தடிப்பாக இருக்கும் மாஸ்டாய்டு, காதுக் குழாயின் எலும்புச் சுவர், உள்ளே கேட்கும் உறுப்பும் சமநிலை உறுப்பும் பதிந்திருக்கும் கெட்டிப் பகுதி எல்லாமே அதில் அடக்கம். மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனி அதன் வழியாகத்தான் ஏறுகிறது. கழுத்துப் பெருஞ்சிரை அதன் அடியிலிருந்துதான் இறங்குகிறது. முக நரம்பு மூளையிலிருந்து கிளம்பி இந்த எலும்புக்குள் வளைந்து வளைந்து ஓடி, மாஸ்டாய்டுக்கு அடியில் ஒரு சிறு துளை வழியாக வெளியே வந்து, நேராகப் பரோட்டிட் சுரப்பிக்குள் நுழைகிறது. கணுவிலிருந்த புற்று அந்தத் துளை வழியாக நரம்போடு மேலே ஏறியிருந்தது. இன்னொரு வழியும் உண்டு. காதுக் குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு. அதில் இயற்கையாகவே சில பிளவுகள் இருக்கின்றன. சுரப்பிக்கும் காதுக் குழாய்க்கும் இடையே புற்று அந்தப் பிளவுகளில் புகுந்து போகலாம், வரலாம். அண்ணனின் காதுக் குழாயின் முன்சுவரும் அரிக்கப்பட்டிருந்தது. அந்த ஆழ்ந்த வலிக்குக் காரணம் அதுதான்.

ஸ்கேன் ரிப்போர்ட் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். “மாஸ்டாய்டில் திரவம்” என்று எழுதியிருந்தால் உடனே புற்று அங்கேயும் நிரம்பிவிட்டது என்று பொருள் இல்லை. காற்றுப் போகும் வழி அடைபட்டாலும் அங்கே நீர் கோக்கும். எலும்பு அரிப்பு, நரம்பு தடித்துப் பளிச்சென்று தெரிவது, மூளையுறை தடிப்பு, கரோட்டிட் தமனியைச் சுற்றி வளைத்திருப்பது ஆகியவைதான் முடிவை மாற்றும் வரிகள். கடைசி இரண்டும் அண்ணனுக்கு இல்லை. தமனியை முழுக்கச் சுற்றி வளைத்திருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே கிடையாது.

டியூமர் போர்டு என்று பல துறை டாக்டர்கள் கூடிப் பேசும் கூட்டம் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடக்கும். இந்த நோய்க்கு அது கட்டாயம் என்பேன். தலை கழுத்துப் புற்று அறுவை நிபுணர் மட்டும் போதாது. காது எலும்புக்குள் வேலை செய்கிறவர், தொடையிலிருந்து தசை எடுத்து ஒட்டும் பிளாஸ்டிக் சர்ஜன், ரேடியேஷன் டாக்டர், மருந்து கொடுக்கும் புற்றுநோய் டாக்டர் எல்லோரும் வேண்டும். டெம்போரல் எலும்பை வெட்டும் அறுவை அரிதானது. “இதுவரைக்கும் எத்தனை செஞ்சிருக்கீங்க?” என்று நான் கேட்டேன். சர்ஜன் முகம் சுளிக்கவில்லை, பதில் சொன்னார். சுளித்திருந்தால் வேறு இடம் பார்த்திருப்போம்.

அங்கே பேசப்பட்ட பெரிய கேள்வி, கத்தியா மருந்தா என்பது. இந்தப் புற்றுக்கு நோயெதிர்ப்பைத் தட்டியெழுப்பும் மருந்துகள் வந்திருக்கின்றன. செமிப்ளிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது. முற்றிய நிலையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. அறுவைக்கு முன்பே அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளியானது. அதில் 79 பேரில் பாதிப் பேருக்கு, பிறகு வெட்டி எடுத்த திசுவில் உயிரோடு இருந்த புற்று செல்லே தென்படவில்லை. அறுவையும் ரேடியேஷனும் முடிந்த, திரும்பி வரும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு இதைக் கொடுத்தால் திரும்பி வருவது வெகுவாகக் குறைகிறது என்ற முடிவு 2025இல் வந்தது. ஆகவே முகமும் காதும் போகும் அளவுக்கு அறுவை பேசப்படுகிறதென்றால், “முதலில் இம்யூனோதெரபி கொடுத்துப் பார்க்க முடியுமா?” என்று கட்டாயம் கேளுங்கள். எல்லா இடத்திலும் அதைத் தாமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

அண்ணனுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருந்தது. தட்டியெழுப்பப்பட்ட எதிர்ப்புச் சக்தி புற்றை மட்டும் தாக்கி நிற்காது; மாற்றுச் சிறுநீரகத்தையும் அந்நியம் என்று தாக்கும். சிறுநீரகம் போய் டயாலிசிஸுக்குத் திரும்பும் அபாயம் கணிசமானது. சிறுநீரக டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “உயிரா கிட்னியான்னு வந்தா அந்த மருந்தைக் கொடுக்கலாம். இப்போ அறுவையால எடுக்க முடியும்னு சொல்றாங்க. அதை முதல்ல பாருங்க. அந்த மருந்து கையில இருக்கட்டும்.” அண்ணனுக்கும் அதுவே சரியாகப் பட்டது. எனக்கு ரொம்ப நாள் மனசு ஒப்பவில்லை. ஆனால் டயாலிசிஸ் மெஷினோடு கட்டுண்டு கிடந்த காலத்தை அனுபவித்தவர் அவர், நான் இல்லை.

அறுவைக்கு முன்னால் கையெழுத்து வாங்கும்போது எதெல்லாம் போகும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். காதுக் குழாய், செவிப்பறை, நடுக்காதின் இரண்டு சிற்றெலும்புகள், அவற்றைச் சுற்றிய எலும்பு ஆகியவை ஒரே துண்டாக வரும். கடைசிச் சிற்றெலும்பும் உள்காதும் தங்கும். பரோட்டிட் சுரப்பி முழுக்க, அதோடு முக நரம்பு. கழுத்துக் கணுக்களும் வரும். நரம்பை எவ்வளவு தூரம் வெட்டுவது என்பது மேசையிலேயே தீர்மானமாகும். வெட்டிய நுனியை உறையவைத்து உடனே சோதிப்பார்கள். புற்று இருந்தால் இன்னும் மேலே போவார்கள்.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. “காது போகட்டும். கண்ணு மூடுமா?”

அதுவே சரியான கேள்வி என்று சர்ஜன் சொன்னார். முக நரம்பு போனால் வாய் கோணுவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், ஆபத்தில் இருப்பது கண். இமை மூடாவிட்டால் கருவிழி காயும், புண்ணாகும், பார்வையே போகலாம். அதனால் அதே அறுவையில் மேல் இமைக்குள் ஒரு சிறு தங்கத் தகடு வைக்கக் கேட்டுக்கொண்டோம். பிளாட்டினத்திலும் உண்டு. அதன் கனத்தில் இமை தானாக இறங்கும். காலின் பக்கவாட்டிலிருந்து ஒரு உணர்ச்சி நரம்பை எடுத்து, வெட்டிய நுனிக்கும் முகக் கிளைகளுக்கும் நடுவே ஒட்டுப்போட்டார்கள். அது வேர்பிடித்து முகத்தில் அசைவு தெரிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பழைய முகம் அப்படியே திரும்பாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். முகத் தசை நெடுநாள் நரம்பில்லாமல் கிடந்தால் வற்றிவிடும். இந்த ஒட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

அறுவை பகல் முழுக்க நடந்தது. குழிவை நிரப்பத் தொடையிலிருந்து தோலும் தசையும் ரத்தக் குழாயோடு எடுத்துக் கழுத்துக் குழாயில் இணைத்தார்கள். முதல் சில நாள் ஒட்டிய சதையின் நிறத்தையும் சூட்டையும் ரத்த ஓட்டத்தையும் நர்ஸ்கள் மணிக்கணக்கில் பார்த்தபடியே இருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் தலைசுற்றல், வாந்தி. சமநிலை உறுப்புக்குப் பக்கத்தில் வேலை நடந்ததால் இது எதிர்பார்த்ததுதான்; மெல்ல அடங்கியது. மூக்கிலிருந்தோ காயத்திலிருந்தோ தண்ணீர் மாதிரி தெளிவாக ஏதாவது சொட்டினால் உடனே சொல்ல வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீராக இருக்கலாம். அண்ணனுக்கு அது வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் நேரத்தில் பாதி கண்ணுக்குத்தான் போனது. பகலில் கண்ணை ஈரப்படுத்தும் சொட்டு மருந்தை மணிக்கொரு முறைகூடப் போட வேண்டியிருந்தது. அடிக்கடி போடுவதாக இருந்தால் ரசாயனப் பதப்பொருள் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். ராத்திரி களிம்பு போட்டு, இமையை மூடி டேப் ஒட்ட வேண்டும். டேப்பை நேரே கண்ணுக்குக் குறுக்கே ஒட்டினால் தூக்கத்தில் இமை திறந்து டேப்பே கருவிழியை உரசும். முதலில் இமையைக் கையால் முழுசாக மூடி, பிறகுதான் ஒட்ட வேண்டும். கண் டாக்டர் செய்து காட்டினார். மின்விசிறிக் காற்று முகத்தில் படாமல் படுக்கையைத் திருப்பிப் போட்டோம். வெளியே போனால் பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி. சிலருக்குக் கருவிழியின் உணர்ச்சியும் மங்கியிருக்கும். அப்போது தூசி விழுந்தாலும் வலிக்காது, சிவப்பு மட்டும்தான் அறிகுறி. ஆகவே தினமும் வெளிச்சத்தில் யாராவது பார்க்க வேண்டும். நோயாளி சொல்லட்டும் என்று காத்திருக்க முடியாது.

மற்றவை இவ்வளவு கடினம் இல்லை. திரவம் குடித்தால் இடது உதட்டோரம் ஒழுகியது. வலது பக்கமாகத் தலையைச் சாய்த்துக் குடிக்கப் பழகினார். மென்றது இடது கன்னத்தில் தேங்கும், விரலால் வழித்து வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் கெடும். கழுத்துக் கணுக்களை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு அலுங்கியதால் கை மேலே போகவில்லை. பிசியோதெரபியை முதல் வாரங்களிலேயே தொடங்கியதால் பெருமளவு சரியானது. இடது காது கேட்காது, ஆனால் உள்காது உயிரோடு இருப்பதால் எலும்பு வழியாக ஒலியை அனுப்பும் கருவி பயன்படும். அதைப் பொருத்துவதை ரேடியேஷன் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தோம். கூட்டத்தில் அவருக்கு வலது பக்கம் உட்காருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ரேடியேஷன் 30 தவணை, மொத்தம் 60 கிரே (கதிரின் அளவு), ஆறு வாரம். அறுவைக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். தொடங்கும் முன் பல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும், பிடுங்க வேண்டியதை முன்னாலேயே பிடுங்கி ஆறவிட வேண்டும். முகத்துக்கு அச்செடுத்த வலை மாதிரியான முகமூடியை மேசையோடு பூட்டுவார்கள். மூச்சு முட்டுகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் கண் பகுதியை வெட்டிக் கொடுப்பதும் உண்டு. மூன்றாவது வாரத்திலிருந்து தோல் கருத்து உரிந்தது, வாய் காய்ந்தது, சோர்வு சோர்வாக வந்தது. தாடை இறுகாமல் இருக்க வாய் திறக்கும் பயிற்சியைத் தினமும் பல தடவை செய்யச் சொன்னார்கள். வலிக்கும்போதுதான் அதை விட்டுவிடத் தோன்றும், விட்டால் பிறகு கரண்டியே நுழையாது.

ரேடியேஷனோடு கீமோவும் சேர்த்தால் நல்லதில்லையா என்று உறவினர் ஒருவர் விடாமல் கேட்டார். இந்தப் புற்றுக்கு அறுவைக்குப் பிறகான ரேடியேஷனோடு கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இருக்கிற ஒற்றைச் சிறுநீரகத்தோடு அதில் இறங்க யாரும் தயாராக இல்லை, நாங்களும்தான்.

இப்போது சில மாதத்துக்கு ஒருமுறை கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். கழுத்தில் கதிர் பட்டதால் தைராய்டு அளவையும் பார்க்கிறார்கள். ஒட்டின ஓரத்தில் நாற்றத்தோடு கசிவு வந்தாலோ எலும்பு வெளியே தெரிந்தாலோ அது மறுபடி வந்த புற்றாகவும் இருக்கலாம், கதிரால் செத்த எலும்பாகவும் இருக்கலாம். பார்த்து எதுவென்று சொல்ல முடியாது, பயாப்ஸிதான் சொல்லும். செத்த எலும்பு வருஷங்கள் கழித்தும் வரும் என்பதால் இதற்குக் காலக்கெடு கிடையாது. முகத்தில் அசைவு வந்திருக்கிறது: ஓய்வில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், சிரித்தால் இடது பக்கம் பாதி. பல்லைக் கடித்தால் கண்ணும் சேர்ந்து சுருங்குகிறது. ஒட்டு நரம்பு இழைகள் தப்பான தசைக்குப் போய்ச் சேர்வதால் அப்படி ஆகுமாம். அண்ணனுக்கு அதில் சிரிப்புதான் வருகிறது.

புண்கள் நன்றாக ஆறிய பிறகு சிறுநீரக டாக்டர் பழைய மாத்திரைகளைக் குறைத்து சிரோலிமஸ் என்ற மருந்துக்கு மாற்றினார். மாற்று உறுப்பைக் காப்பதோடு புதிதாகத் தோல் புற்று வருவதையும் அது குறைக்கிறது. காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் அதுவரை பொறுத்திருந்தார். ஆனாலும் இத்தனை வருஷ வெயில் தோலில்தான் இருக்கிறது. நெற்றியில் வந்த செதில் திட்டுகளைத் தோல் டாக்டர் உறையவைத்து எடுத்தார். போன முறை பின்கழுத்தில் சற்றுத் தடிப்பாக ஒன்று இருந்தது. அதை உறையவைக்க வேண்டாம், வெட்டி பயாப்ஸிக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டோம். ஆழமும் நரம்பு வரியும் எழுதிய ரிப்போர்ட்டுக்குத்தான் காத்திருக்கிறோம்.